காற்றாடி மெக்கானிக்

வட கரோலினாவில் வில்சன் நகரத்துப் பக்கம் வளர்ந்த யாரிடமாவது 'ஆசிட் பார்க்' என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு அசட்டுச் சிரிப்பு வரும். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷங்களில் போய்வந்த இடம் அது. யாராவது ஒருவன் வீட்டுக் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவான். நாலைந்து பேர் திணித்துக்கொண்டு, லுகாமா என்கிற சின்ன ஊருக்கு வெளியே உள்ள வயற்காட்டுச் சாலையில் நடுராத்திரி போவார்கள். ஒரு திருப்பத்தில் ஹெட்லைட் வெளிச்சம் பட்டதும், அதுவரை கும்மிருட்டாகக் கிடந்த இடம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பற்றிக்கொள்ளும். பனை உயரத்தில் சக்கரங்கள் சுற்றும், சக்கரத்துக்குள் சக்கரம் சுற்றும். லைட்டை அணைத்தால் எதுவும் தெரியாது. தலைக்கு மேலே எங்கேயோ இரும்பு கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கும்.

இப்படி ஓர் இடம் இருந்தால் அதற்கொரு கதை வேண்டாமா? கட்டிவிட்டார்கள். போதை மருந்து சாப்பிட்டுவிட்டுக் காரோட்டிய ஒரு பெண் அந்தத் திருப்பத்தில் மரத்தில் மோதிச் செத்துப்போனாளாம். சாகும் நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே அவளுடைய அப்பா இரும்பில் செய்து நிறுத்திவிட்டாராம். 'ஆசிட்' என்றால் எல்.எஸ்.டி. என்கிற போதை மருந்து, பெயர் அப்படி வந்ததுதான். இதில் அப்பா உண்மை, இரும்பும் உண்மை. செத்துப்போன மகள் என்று யாரும் கிடையாது. ஒரு மனிதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் காற்றாடி செய்தார் என்று சொன்னால் பதினேழு வயசுப் பிள்ளைகளுக்கு எடுபடாது, அவ்வளவுதான்.

அந்த அப்பாவின் பெயர் வோலிஸ் சிம்ப்சன். 1919ல் பிறந்தவர். விவசாய இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவருக்குத் தொழில். கூடவே வீடு நகர்த்துவதும் உண்டு. சாமான்களை நகர்த்துவது இல்லை, வீட்டையே நகர்த்துவது. அமெரிக்கக் கிராமங்களில் பெரும்பாலும் மரவீடுகள்தான் என்பதால் அடியோடு பெயர்த்துத் தூக்கி, வண்டியில் ஏற்றி, வேறோர் இடத்தில் இறக்கிவைக்க முடியும். அதற்கான இழுவை வண்டிகளை ராணுவம் கழித்துப்போட்ட லாரிகளிலிருந்து அவரே செய்துகொண்டார். இருபது டன் எடையை எங்கே தாங்கிப் பிடித்தால் சாயாது, எங்கே பிடித்தால் முறியும் என்பதெல்லாம் இப்படித்தான் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும்.

காற்றை வேலை வாங்கும் யோசனை அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவில் இருந்தார். பசிபிக் கடலில் சைபான் தீவில் போஸ்டிங். அங்கே உடைந்து கிடந்த பி-29 குண்டுவீச்சு விமானத்தின் பாகங்களை எடுத்து ஒரு காற்றாலை செய்து, அதை ஒரு பெரிய துணி துவைக்கும் இயந்திரத்தோடு இணைத்துவிட்டார். சிப்பாய்களின் அழுக்குத் துணிகளைக் காற்று துவைத்தது. ஊர் திரும்பி, 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, வீட்டைச் சூடாக்க இன்னொரு காற்றாலை செய்தார். அதாவது முதல் இரண்டு காற்றாடிகளும் உருப்படியான வேலைக்காகச் செய்தவை. வயது அறுபத்தைந்தை நெருங்கி, தொழிலை விட்ட பிறகுதான் எந்த வேலைக்கும் ஆகாத காற்றாடிகளைச் செய்ய ஆரம்பித்தார். பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு குளம், குளத்தைச் சுற்றி அவருடைய நிலம், நிலம் நிறையக் காற்றாடிகள். அங்கே அவற்றை 'விர்லிகிக்' என்பார்கள்.

இன்று அவற்றில் 30 காற்றாடிகள் லுகாமா வயற்காட்டில் இல்லை. வில்சன் நகரத்தின் நடுவில், ஒரு காலத்தில் புகையிலை ஏலக் கிடங்குகள் நின்ற பகுதியில், இரண்டு ஏக்கர் புல்வெளியில் நிற்கின்றன. உயரமானவை 50 அடி இருக்கும். 2017 நவம்பரில் முறைப்படி திறந்த அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ராலே நகரத்திலிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரம். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை வாஷிங்டனுக்கும் நயாகராவுக்கும் கூட்டிப் போவார்கள். இங்கே கூட்டிவருகிறவர்கள் குறைவு. நான் என் சித்தப்பாவைக் கூட்டிப் போனேன்.

சித்தப்பா கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். மியூசியம் என்றால் பத்து நிமிஷத்தில் உட்கார இடம் தேடுவார். அன்றைக்கு என்னவோ காரை விட்டு இறங்கியவர் நேராக முதல் கம்பத்துக்குப் போய், அண்ணாந்து பார்த்துக்கொண்டு, கழுத்து வலிக்கும் வரை நின்றுவிட்டார்.

"இதை எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு சொன்னே கண்ணு?"

"கம்பெனி இல்லீங் சித்தப்பா. ஒருத்தரே செஞ்சது. ட்ராக்டர் மெக்கானிக்."

"அப்படிச் சொல்லு" என்றார். அதுவரை ஏதோ சந்தேகத்தில் இருந்தவர் போல.

அவர் முதலில் பார்த்தது நிறத்தையோ உருவத்தையோ இல்லை. தலைப்பகுதி மொத்தமும் ஒற்றைக் கம்பத்தின் மேல் எப்படிச் சுழல்கிறது என்பதைத்தான். ஒவ்வொரு காற்றாடிக்கும் பின்னால் ஒரு வால் உண்டு. காற்று திசை மாறும்போது வால் தள்ளப்பட்டு, தலை காற்றுக்கு நேராகத் திரும்புகிறது. இது எல்லாக் காற்றாலைக்கும் பொதுவான விஷயம்தான். ஆனால் இங்கே அந்தத் தலையில் ஒரு பக்கம் பெரிய இறக்கைச் சக்கரம், மறுபக்கம் வால், நடுவில் குதிரை, மனிதன், விமானம், வாத்து என்று ஏகப்பட்ட பாரம். சில காற்றாடிகள் டன் கணக்கில் இருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூடினாலும் பேரிங் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சில மாதத்தில் தலை சிக்கிக்கொள்ளும். "தராசு முள்ளு மாதிரி நிக்க வெச்சிருக்கான் பாரு" என்றார் சித்தப்பா. வயதில் தன்னைவிட மூத்தவரை ஏகவசனத்தில் சொல்வது அவர் பாராட்டும் முறை.

கம்பத்துக்குக் கம்பம் நடந்தால் பழைய இரும்புக்கடைக்குள் நுழைந்ததுபோல இருக்கும். கண்ணுக்குத் தெரிவதே இத்தனை: சைக்கிள் சக்கரம், சீலிங் ஃபேன் இறக்கை, ஏசியின் விசிறி, புகைபோக்கிக் குழாய், மில்லிலிருந்து வந்த உருளைகள், வாணலி மாதிரி வட்டத் தட்டுகள். மில்க்ஷேக் அடிக்கும் கலக்கியின் உலோகக் கோப்பைகள் காற்றைப் பிடிக்கும் கிண்ணங்களாகியிருக்கின்றன. ஒரு காற்றாடியில் சைக்கிள் ஓட்டும் ஆள் ஒருவன் இருக்கிறான். முட்டி மடங்கி, கால் நீண்டு, அசல் சைக்கிள்காரன் மாதிரியே மிதிக்கிறான். கொஞ்ச நேரம் பார்த்தால் விஷயம் தலைகீழ் என்று புரியும். அவன் சக்கரத்தை மிதிக்கவில்லை. காற்று சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் மிதிகட்டையைச் சுற்றுகிறது, மிதிகட்டை அவன் காலை இழுத்துக்கொண்டு போகிறது. மரம் அறுக்கும் இருவரும் அப்படித்தான். சுற்றுகிற அச்சில் மையம் தவறிய ஒரு வட்டத்தைப் பொருத்தினால், சுழற்சி முன்னும் பின்னுமான இழுப்பாக மாறும். தையல் மெஷினிலும் நீராவி இன்ஜினிலும் நடப்பது இதுதான். சிம்ப்சன் அதை ரம்பத்துக்கும் கிடார் வாசிக்கிற கைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்.

காற்று எழும்பும்போது இவை சுற்றத் தொடங்கும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஓரத்தில் இருக்கும் சின்னச் சின்ன விசிறிகள் சுற்றும். அப்புறம் கிண்ணங்கள். கம்பத்தின் உச்சியில் இருக்கும் பெரிய சக்கரம் அசையாமல் பிடிவாதம் பிடிக்கும். எடை அதிகம், அதை அசைக்க வேண்டிய முதல் தள்ளு அதிகம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் சக்தி எட்டு மடங்காகும் என்பது காற்றாலைக்காரர்கள் எல்லாரும் அறிந்த கணக்கு. அதனால் மெல்லிய காற்றுக்கும் நல்ல காற்றுக்கும் நடுவே இந்தப் பூங்கா ஒரேயடியாக மாறிவிடும். அரை நிமிஷத்துக்கு முன்னால் சோம்பேறித்தனமாக நின்ற 30 கம்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொண்டு, சலசல, கடகட, ஊஊ என்று ஆளுக்கொரு சத்தம் போட ஆரம்பிக்கும். எங்களுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் இருந்த ஒரு குழந்தை பயந்து அழுதுவிட்டது. காற்றே இல்லாத ஆகஸ்ட் மத்தியானத்தில் போனால் இரும்புக் கம்பங்களைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'படிக்காத மேதை', 'தரிசனம் கண்டவர்' என்ற பாணியில் எழுதுகிறார்கள். கலை உலகத்தில் இப்படிப்பட்டவர்களைப் போட்டுவைக்க ஒரு தனி அலமாரி வைத்திருக்கிறார்கள், 'அவுட்சைடர்' என்று எழுதி ஒட்டி. பால்டிமோரில் அப்படிப்பட்ட கலைக்கென்றே இருக்கும் அமெரிக்கன் விஷனரி ஆர்ட் மியூசியத்தின் வாசலில் சிம்ப்சனின் 55 அடிக் காற்றாடி நிற்கிறது. 1996ல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸின்போது நகரத்தில் வைக்க நான்கு காற்றாடிகள் போயின. ராலேயில் மாநிலக் கலை அருங்காட்சியகத்தின் வெளித்தோட்டத்திலும் ஒன்று உண்டு. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்த 'அவுட்சைடர்' என்ற அட்டை எனக்குப் பிடிப்பதில்லை. நாற்பது வருஷம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவர் எதற்கு வெளியே இருந்தார்? அவர் தொழிலுக்கு நட்டநடுவில் இருந்தார். அந்தத் தொழிலைக் கலையின் வாசலாக நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஜார்ஜ் ரிக்கியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும். காற்றில் அசையும் சிற்பம் என்றால் கலை வரலாற்றில் அமெரிக்கச் சிற்பி அலெக்ஸாண்டர் கால்டருக்கு அடுத்து வரும் பெயர் இவருடையது. 1907ல் இந்தியானாவில் பிறந்தவர். அப்பா சிங்கர் தையல் மெஷின் கம்பெனியில் எஞ்சினியர். வேலை மாற்றலில் குடும்பம் ஸ்காட்லாந்துக்குப் போனது. ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தார், பாரிஸில் ஓவியம் கற்றார். சிம்ப்சனுக்கும் இவருக்கும் எந்த ஒட்டும் உறவும் இருக்க வழியில்லை என்றுதான் தோன்றும். ஆனால் போர்க்காலத்தில் ரிக்கியையும் அதே விமானப் பிரிவுதான் எடுத்துக்கொண்டது. விமானத்தின் துப்பாக்கி அமைப்புகளோடு வேலை, மெஷின் ஷாப்பில் கை அழுக்காக்கும் வேலை. அங்கேதான் இயந்திரத்தின் மீது அவருக்குப் பழைய ஆசை திரும்பியது. தன் முதல் அசையும் சிற்பத்தை அவர் செய்தது 1945ல். ஒரே போர், ஒரே படைப்பிரிவு. ஒருவர் துணி துவைக்கக் காற்றாலை செய்தார், இன்னொருவர் சிற்பி ஆனார்.

ரிக்கியின் சிற்பங்களில் வண்ணமோ உருவமோ பெரும்பாலும் கிடையாது. பளபளப்பை அரைத்து மங்கலாக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நீண்ட ஊசிகள், சதுரங்கள், செவ்வகங்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே எதிர் எடை ஒளிந்திருக்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக, ஒரு பக்கம் மட்டும் துளி கூடுதலாக இருக்கும்படி எடை வைத்திருப்பார். அதனால் ஒரு சின்ன மூச்சுக்காற்றுக்கே இருபதடி நீளக் கத்தி போன்ற தகடு மெல்லச் சாயும், எதிர்த் தகடு அதன் பக்கத்தில் மயிரிழையில் தப்பிப் போகும், ஒன்றோடொன்று மோதாது. 2021ல் நியூயார்க்கில், பார்க் அவென்யூவின் நடுத்திட்டில் அவருடைய பெரிய சிற்பங்களைக் கொஞ்ச காலத்துக்கு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில், மஞ்சள் டாக்ஸிகள் இரண்டு பக்கமும் ஓட, நடுவில் இவை அவசரமே இல்லாமல் அசைந்துகொண்டிருந்தன. நிதானம் என்றால் அந்த நிதானம்.

சிம்ப்சனிடம் அந்த நிதானத்தைத் தேடக் கூடாது. அவருடையது திருவிழாக் கூச்சல். ஆனால் அடியில் இருக்கும் பிரச்சினை இருவருக்கும் ஒன்றுதான்: பேரிங்கில் உரசலைக் குறைப்பது, எடையைச் சமன் செய்வது, புயலில் பிய்த்துக்கொண்டு போகாமலும் தென்றலில் மரத்துப்போய் நிற்காமலும் இருக்க நடுவில் ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பது. ரிக்கி அதைத் தாளில் வரைந்து யோசித்தார். சிம்ப்சன் இரும்பைத் தூக்கிப் பார்த்து யோசித்தார். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், பத்து நிமிஷம் பார்ப்பதற்கு ரிக்கி. அரை நாள் செலவிட சிம்ப்சன்.

சரி, வயற்காட்டில் இருந்தவை நகரத்துக்கு ஏன் வந்தன?

வில்சன் புகையிலையால் எழுந்த ஊர். 'உலகத்தின் மிகப் பெரிய புகையிலைச் சந்தை' என்று தன்னையே சொல்லிக்கொண்ட ஊர். அறுவடை முடிந்ததும் சுற்றுவட்டார விவசாயிகள் பொன்னிறமாகப் பதப்படுத்திய இலையைக் கட்டுக்கட்டாக இங்கே கொண்டுவருவார்கள். ஏலக்காரர் ராகம் போட்டு விலை கூவிக்கொண்டே வரிசை வரிசையாக நடப்பார், பின்னாலேயே கம்பெனி ஆட்கள் கண்ணசைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். கையில் காசு வந்த குடும்பங்கள் நேராகக் கடைத்தெருவுக்குப் போகும். அந்தக் காசை வைத்துத்தான் ஊரில் வங்கி வளர்ந்தது. பிபி&டி என்ற பெரிய வங்கி இங்கே பிறந்ததுதான். அப்புறம் ஏலம் போய் நேரடி ஒப்பந்தம் வந்தது. 2004ல் புகையிலைக்கு இருந்த அரசாங்க ஒதுக்கீட்டு முறையையே சட்டம் போட்டு முடித்துவைத்தார்கள். வங்கியும் 1995லேயே தலைமையகத்தை வின்ஸ்டன்-சேலத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டது. கிடங்குகள் காலியாக நின்றன.

இந்த ஊருக்கு ஒரு குணம் உண்டு. யாரும் வந்து செய்யாவிட்டால் தானே செய்துகொள்ளும். கம்பெனிகள் வேகமான இணைய இணைப்பைக் கொண்டுவர மெத்தனம் காட்டியபோது, நகராட்சியே ஃபைபர் கேபிள் போட்டு 2008ல் சொந்தமாக இணைய சேவை தொடங்கியது. மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இந்த ஊரை அதற்காகவே நினைவு வைத்திருப்பார்கள். மற்ற ஊர்கள் இதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது என்று 2011ல் மாநிலமே கட்டுப்பாடு விதிக்கிற அளவுக்குப் போனது, அது தனிக் கதை.

காற்றாடி விஷயத்திலும் அதே குணம்தான். 2010 வாக்கில் சிம்ப்சனுக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. கம்பம் ஏறிக் கிரீஸ் போட முடியாது. சுற்றி வளர்ந்த மரங்கள் காற்றை மறைத்தன. பேரிங்குகள் துருப்பிடித்து இறுகின, பெயின்ட் உரிந்தது, ராத்திரி வெளிச்சத்தில் மின்னுவதற்காகப் பொருத்திய பிரதிபலிப்பான்கள் வெளுத்தன. விட்டால் பத்து வருஷத்தில் பழைய இரும்பு. நகரத்தில் ஒரு குழு முன்வந்து, அவற்றை வாங்கி, நடுவூருக்குக் கொண்டுவந்து பூங்கா அமைப்பது என்று முடிவெடுத்தது. கிரேன் வைத்து ஒவ்வொன்றாக இறக்கி, ஊருக்குள் ஒரு பழைய கிடங்கையே பட்டறையாக்கி, உள்ளூர் ஆட்களை வேலைக்குச் சேர்த்துக் கற்றுக்கொடுத்து, பாகம் பாகமாகப் பிரித்து மேய்ந்தார்கள். மத்திய அரசின் கலை நிதியும் தனியார் அறக்கட்டளைகளின் பணமும் வந்தன. திறக்க எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சிம்ப்சன் 2013 மே மாதக் கடைசியில், 94 வயதில் இறந்துபோனார். அடுத்த மாதமே மாநிலம் அவருடைய காற்றாடிகளை வட கரோலினாவின் அதிகாரபூர்வ நாட்டுப்புறக் கலையாகச் சட்டம் போட்டு அறிவித்தது. அந்த வருஷக் கடைசியில்தான் பூங்காவுக்கு மண்வெட்டி போட்டார்கள்.

பட்டறையில் அவர்களுக்கு வந்த சிக்கல்தான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது. ஒரு ஓவியத்தைப் பாதுகாக்கிறவரின் முதல் விதி, கலைஞர் கைபட்ட மேற்பரப்பைத் தொடாதே என்பது. மங்கினாலும் அது அசல். ஆனால் சுற்றுகிற பொருளுக்கு அந்த விதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சுற்றினால் தேயும். தேய்ந்த பேரிங்கை மாற்றாவிட்டால் நிற்கும். நின்றுபோன காற்றாடியைப் பத்திரமாக வைத்து என்ன பயன்? வெயிலில் நிற்க வேண்டிய இரும்புக்கு உரிந்த பெயின்ட்டை அப்படியே விட்டால் துரு தின்றுவிடும். கடைசியில் அவர்கள் காற்றாடியின் பக்கம் நின்றார்கள். பேரிங்குகளை மாற்றினார்கள், பழைய நிறத்துக்குப் பொருத்தமாகத் தேடிப் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள், வெளுத்த பிரதிபலிப்பான்களுக்குப் பதில் புதியவற்றை வெட்டிப் பொருத்தினார்கள்.

அப்படியானால் இது அசலா, நகலா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் பழைய புகைப்படங்களைப் போட்டு, துருவும் பாசியுமாக வயற்காட்டில் நின்றபோது இருந்த அழகு இப்போது இல்லை என்று பெருமூச்சு விடுபவர்களும் உண்டு. துருவில் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது, நானும் அந்தப் படங்களைச் சேமித்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தத் துரு சிம்ப்சன் போட்டது இல்லை. அவர் போட்டது பளீரென்ற சிவப்பும் நீலமும் வெள்ளையும். முதுமையில் கை ஓய்ந்ததால் வந்ததை அவருடைய ரசனை என்று சொல்வது நியாயமா? சித்தப்பாவிடம் இந்த விவாதத்தைச் சொன்னபோது அவருக்கு இதில் என்ன விவாதம் என்றே புரியவில்லை.

"திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல்லுல சக்கரம் செஞ்சாங்க, பிரேக்கே வெச்சாங்க. தேர் மாறிப்போச்சுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இங்க மியூசியத்துக்காரங்க அப்படி யோசிப்பாங்க சித்தப்பா."

"நிக்கற சாமானுக்கு அது சரி. ஓடற சாமானுக்கு கிரீஸ்தான் கண்ணு."

இதற்கு மேல் அழகியல் பேச எனக்கும் ஒன்றும் இல்லை.

இராத்திரி வரை இருக்க வேண்டும். இதைப் பூங்காவுக்குப் போகும் எல்லாரிடமும் சொல்வேன். சிம்ப்சன் காற்றாடிகளின் மேலெல்லாம் சாலைப் பலகைகளில் இருந்து வெட்டிய பிரதிபலிப்புத் துண்டுகள் பொருத்தியிருக்கும். சில விரல் நகம் அளவுதான். ஒரே காற்றாடியில் நூற்றுக்கணக்கில் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு அம்புக்குறியின் முனையோ 'நில்' பலகையின் சிவப்போ அடையாளம் தெரியும். சாலைப் பலகையின் மேற்பரப்பு சாதாரணக் கண்ணாடி மாதிரி இல்லை. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்கே திருப்பி அனுப்பும். காரோட்டிக்கு மட்டும் பலகை பளிச்சென்று தெரிவது அதனால்தான், அவர் கண் ஹெட்லைட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. ஆசிட் பார்க்கின் மாயமெல்லாம் இதில்தான் இருந்தது. காரிலிருந்து பார்த்த பிள்ளைகளுக்குக் காடே பற்றி எரிந்தது. அதே நேரம் ஓரமாக நடந்து போனவர் இருந்திருந்தால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

நகரத்துப் பூங்காவில் தரையிலிருந்து பெரிய விளக்குகளை மேல்நோக்கி அடித்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, வண்ணங்கள் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் வெளிச்சம் ஓரிடத்திலிருந்தும் நம் கண் வேறோர் இடத்திலிருந்தும் பார்ப்பதால், அந்தப் பழைய பற்றியெரிதல் முழுசாகக் கிடைக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஃபோனின் டார்ச்சைப் போட்டு, நெற்றிப்பொட்டை ஒட்டினாற்போல், கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, விளக்கு அதிகம் படாத ஒரு காற்றாடியை அண்ணாந்து பாருங்கள். டார்ச்சை வயிற்றுக்கு நேராகப் பிடித்தால் பாதி கூடத் தெரியாது, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் மொத்தச் சக்கரமும் தீப்பிடிக்கும். எங்களைப் பார்த்து இன்னும் இரண்டு குடும்பங்கள் ஃபோனை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நின்றன. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ.

இந்தப் பூங்கா வந்ததால் வில்சன் எழுந்து நின்றுவிட்டது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். சுற்றுப்புறத்தில் பழைய புகையிலைக் கிடங்கு ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறியிருக்கிறது. பூங்காவில் உழவர் சந்தை நடக்கிறது, பாட்டுக் கச்சேரிகள் நடக்கின்றன. காபிக்கடையில் உட்கார இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. நாலு தெரு தள்ளி நடந்தால் பலகை அடித்து மூடிய கடைகளும் உண்டு. புகையிலை கொடுத்த காசைக் காற்றாடிகள் கொடுக்கப்போவதில்லை. அப்படி எதிர்பார்ப்பதே அவற்றுக்குச் செய்கிற அநியாயம். எனக்கு இருக்கும் கவலை வேறு. திறப்பு விழாவுக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், கிரீஸ் போடப் பணம் கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். 30 காற்றாடிகள், ஒவ்வொன்றிலும் எண்ண முடியாத அளவுக்கு பேரிங்குகள், மழை, வெயில், அவ்வப்போது வந்துபோகும் சூறாவளி. ஆள் உயரத்துக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் சின்ன வேலைக்கும் தூக்கி வண்டி வேண்டும். இது வருஷாவருஷம், ஊர் இருக்கும் வரை உள்ள செலவு.

போக நினைப்பவர்களுக்கு: நுழைவுக் கட்டணம் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பும், நாலு மணி வாக்கில் போனால் பகலும் பார்க்கலாம், இருட்டியதும் பார்க்கலாம். நவம்பரில் காற்றாடித் திருவிழா நடக்கும், கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போங்கள். கூட்டம் வேண்டாம் என்றால் மார்ச், ஏப்ரல் நல்லது, காற்றும் தாராளமாக இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களில் ரிப்பேர் வேலை தெரிந்தவர் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். விளக்கம் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்காது. ஃபோனில் சார்ஜ் இருக்கட்டும்.